காமிரா உள்ளில் ஒரு காமிரா

தஞ்சாவூர் ஜில்லாவின் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் 'காமிரா உள்' என்றால் இன்னதென்று நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கூடத்தை ஒட்டினாற்போல், ஜன்னல் இல்லாமலோ, இருந்தும் ஒரு நாளும் திறக்கப்படாமலோ இருக்கும் இருட்டு அறை அது. நெல் மூட்டை, ஊறுகாய் ஜாடி, கல்யாணப் பித்தளைப் பாத்திரங்கள், பரீட்சையில் தவறிய பையன் ஆகிய எல்லாம் அந்தந்தக் காலத்தில் அதற்குள் அடைக்கலம் புகும். 'உள்' என்றாலே அறைதான். 'காமிரா' என்பதும் அறைதான். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். இரண்டையும் சேர்த்து, 'கேட்டுக் கதவு' என்பதைப் போல, அறை அறை என்று இரண்டு முறை சொல்லி வருகிறோம். படம் பிடிக்கும் காமிராவுக்கும் பூர்வீகம் அதுவே. 'இருட்டறை' என்று பொருள்படும் லத்தீன் தொடரில் இருட்டு உதிர்ந்துவிட்டது. அறை மட்டும் மிஞ்சியது.

2023-ஆம் வருஷம் புரட்டாசி மாதத்தில் நான் ஊருக்கு டெலிபோன் செய்து, "அம்மா! ஒரு காமிரா வாங்கியிருக்கிறேன்" என்று சொன்னேன்.

"இருக்கிற காமிரா உள்ளையே விற்கப் போகிறீர்கள். உனக்கு எதற்கடா இன்னொன்று?" என்றாள் அம்மா.

எழுபத்தெட்டு வயதானவளுக்குக் காமிரா என்றால் என்னவென்று தெரியாது போலும் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்தது எங்கள் வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை என்று தெருவிலிருந்து வாய்க்கால் வரையில் ரயில் வண்டியைப் போல் நீண்டு கிடக்கும். அப்பா காலமான பிறகு அம்மா மட்டும் அதில் தனியாக இருந்தாள். அண்ணா சென்னையில், நான் திருச்சியில் கணக்கு உபாத்தியாயர், அக்கா புனாவில். ஓடு மாற்ற வேண்டும், உத்தரம் செல்லரித்துவிட்டது, இரவில் அம்மா விழுந்தால் யார் பார்ப்பது என்று ஒவ்வொரு வருஷமும் பேசிப் பேசி, கடைசியில் விற்றுவிடுவது என்று தீர்மானித்தோம். 2024 தை மாதம் பத்திரம். வாங்குகிறவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார். அதில் அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

இடிப்பதற்கு முன்னால் வீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது என் பொறுப்பு என்று நானே ஏற்றுக்கொண்டேன். திருச்சியில் எனக்குப் பழக்கமான ஒரு ஸ்டூடியோக்காரரிடமிருந்து, அவர் உபயோகித்துத் தள்ளிய நிக்கான் டி750 காமிராவை விலைக்கு வாங்கினேன். 2014-ஆம் வருஷத்து மாதிரி. ஆனால் 'புல் பிரேம்' காமிரா. இந்தப் பெயரைக் கேட்டவுடன் என் மனைவி, "புல்லுக்கு இவ்வளவு விலையா?" என்றாள். மாடு மேயும் புல் அல்ல. 'முழுச் சட்டம்' என்று பொருள்.

எதை முழுமை என்கிறார்கள்? படம் விழும் தகடு 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. இந்த அளவு யாரோ ஒரு சாஸ்திரி கணித்துச் சொன்னதல்ல. ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கார் பார்னாக் என்பவர், சினிமாப் பிலிமைக் குறுக்கே ஓடவிட்டு, இரண்டு சினிமாச் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு படமாக்கினார். 24-க்கு 18 என்ற சட்டம் இரண்டு சேர்ந்தால் 24-க்கு 36. அந்தக் காமிரா லைகா என்ற பெயரில் 1925-ல் விற்பனைக்கு வந்தது. பிலிம் போய் மின்சாரத் தகடு வந்த பிறகும் அளவு மட்டும் பூர்வீகச் சொத்தாக நீடிக்கிறது.

காமிராவோடு ஸ்டூடியோக்காரர் ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸும் கொடுத்திருந்தார். ஆயுத பூஜை விடுமுறையில் அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கூடத்து ஊஞ்சலை முழுவதும் பிடிக்க வேண்டும் என்று கண்ணைக் காமிராவில் வைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனேன். போதவில்லை. இன்னும் ஓர் அடி. இன்னும் ஓர் அடி. பின்னால் போ என்று சொல்லத் தெரிந்த லென்ஸுக்கு, முற்றம் வந்துவிட்டது என்று எச்சரிக்கத் தெரியவில்லை. நல்ல வேளையாகக் காமிராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கை விஷயம் இங்கே அவசியமில்லை.

அன்று எடுத்த படங்களைப் பார்த்தால் எல்லாம் துண்டு துண்டாக இருந்தன. ஊஞ்சல் பலகை உண்டு, சங்கிலி இல்லை. தூணின் நடு உண்டு, தலையும் காலும் இல்லை. வீடு இடிபடுவதற்கு முன்பே நான் அதை இடித்துவிட்டாற்போல் இருந்தது. அகன்ற கோணம் காட்டும் லென்ஸ் ஒன்று வேண்டும் என்பது தெளிவாயிற்று.

ஏன் அகலம்? லென்ஸின்மேல் போட்டிருக்கும் 50, 35, 28, 24 என்ற எண்களுக்கு அர்த்தம் என்ன? இதை என் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிடக் காமிரா உள்ளில் காட்டுவது எளிது. எங்கள் வீட்டுக் காமிரா உள்ளின் கதவில் ஒரு முடிச்சு உதிர்ந்து சிறு துவாரம் ஒன்று இருந்தது. நடுப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால், எதிர்ச்சுவரில் முற்றம் தலைகீழாகத் தெரியும். துளசி மாடம் கூரையில் தொங்கும். அம்மா தலைகீழாக நடந்து போவாள். துவாரத்தின் வழியே இவ்வாறு பிம்பம் விழுவதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே, பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் என்னும் அறிஞர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நானும் அண்ணாவும் அவரைப் படித்ததில்லை. ஆனாலும் ஒன்று கண்டுபிடித்தோம். அப்பாவின் வேஷ்டியை எதிரே பிடித்துக்கொண்டு துவாரத்தை நோக்கி நெருங்க நெருங்க, பிம்பம் சிறுத்துக்கொண்டே வரும். அதே அகல வேஷ்டிக்குள் மேலும் மேலும் காட்சி வந்து நிறையும். விலகிப் போனால் பிம்பம் பெரிதாகும், காட்சி குறுகும்.

லென்ஸின் எண் இந்தத் தூரந்தான். தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் லென்ஸிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் தெளிவாக விழுகிறதோ அதுவே குவி தூரம். வேஷ்டிக்குப் பதிலாக 36 மில்லிமீட்டர் தகடு. ஆகவே பத்தடி தூரத்தில் நிற்கிறவர்களை எடுத்தால், 50 லென்ஸில் ஏழடிக்குச் சற்று அதிகமான அகலம் அடங்கும், 35-ல் பத்தே கால் அடி, 28-ல் பதின்மூன்றடிக்குச் சற்றுக் குறைவு, 24-ல் பதினைந்து, 20-ல் பதினெட்டு. தூரத்தை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் எண்ணால் வகுக்க வேண்டியதுதான். ஏழாம் வகுப்புப் பையன் போடும் கணக்கு. இதிலே ஓர் எச்சரிக்கை: இது முழுச் சட்டக் காமிராவுக்குச் சரி. தகடு சிறியதாக உள்ள காமிராக்களில் அதே 24 லென்ஸ் ஏறக்குறைய 36-ஐப் போல் காட்டும். யாராவது உங்களுக்கு லென்ஸ் யோசனை சொன்னால், அவருடைய காமிரா எந்த ஜாதி என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கோணத்தை இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளும் 'ஸூம்' லென்ஸ்கள் இருக்க, ஒரே கோணம் உள்ள 'பிரைம்' லென்ஸ் எதற்கு என்று கேட்கலாம். பிரைம் லென்ஸ்காரன் ஏகபத்தினி விரதன். அவளோடு ஒத்துப்போகத் தான்தான் நடந்து வர வேண்டும். ஆனால் அதற்குப் பலன் உண்டு: வெளிச்சம். என் பட்ஜெட்டுக்கு எட்டிய ஸூம்களின் வாய் 'நாலு' என்ற அளவுக்குமேல் திறக்காது. பிரைமின் வாய் '1.8' வரை திறக்கும். நாலை 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஏறக்குறைய ஐந்து. அதாவது ஐந்து மடங்கு வெளிச்சம். காமிரா உள்ளில் எடுக்க வேண்டியவனுக்கு இது அற்ப விஷயமல்ல. பளீரென்று மின்னல் விளக்குப் போட்டால் இருட்டு போய்விடும். இருட்டு போனபின் அது காமிரா உள்ளும் அல்ல.

மகாத்மா காந்தியைச் சுமார் பத்து ஆண்டுகள் அருகிலிருந்து படம் எடுத்தவர், அவருக்குப் பேரன் முறையான கனு காந்தி. மகாத்மா அவருக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தாராம். மின்னல் விளக்குப் போடக் கூடாது. இப்படி நில், அப்படி உட்கார் என்று சொல்லக் கூடாது. ஆசிரமத்திலிருந்து பணம் கேட்கக் கூடாது. முதல் இரண்டையும் நானாகவே ஏற்றுக்கொண்டேன். மூன்றாவதை என் மனைவி விதித்தாள்.

அப்புறம் யோசனை கேட்கும் படலம் ஆரம்பமாயிற்று. ஸ்டூடியோக்காரர், "சார், 24 எடுங்கள். மண்டபம் முழுக்க அடங்கும்" என்றார். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் 35-க்கு மேல் சத்தியம் செய்தார். சென்னையிலிருந்து அண்ணாவின் பிள்ளை, "சித்தப்பா! 20-தான் சூப்பர்" என்று செய்தி அனுப்பினான், அதோடு நிற்காமல், கண்ணாடி வைத்த பழங்காமிராவை ஏன் வாங்கினீர்கள் என்று துக்கமும் விசாரித்தான். அவன் சொன்னதிலே நியாயம் இருக்கிறது. இந்த ஜாதிக் காமிராவில் லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடி எழும்பி விழுகிறது. அதற்கு இடம் விட லென்ஸ் நாலரை சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நாலரை சென்டிமீட்டர் தள்ளி நிற்கிற லென்ஸுக்கு இரண்டரை சென்டிமீட்டர் குவி தூரம் எப்படி வரும்? பிரான்ஸ் தேசத்து பியர் ஆஞ்செனியு 1950-ல் தூரதர்சினியைத் திருப்பிப் போட்டாற்போன்ற அமைப்புள்ள லென்ஸ் ஒன்றை வெளியிட்டு இதற்கு வழி காட்டினார். வழி பிறந்தது, லென்ஸ் நீண்டு பருத்துவிட்டது. கண்ணாடி இல்லாத முழுச் சட்டக் காமிராவை சோனி 2013-லும், நிக்கானும் கானனும் 2018-லும் கொண்டுவந்த பிறகு அந்த நிர்ப்பந்தம் தளர்ந்தது. இதையெல்லாம் பையனுக்கு எழுதி, கடைசியில், "உன் சித்தப்பாவுக்குப் பழசுக்குத்தான் சம்பளம் எட்டும்" என்று முடித்தேன்.

என் பெண் மட்டும், "அப்பா, போனிலேயே எடுக்கக் கூடாதா?" என்று கேட்டாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறவள். குறுக்கே வந்து விழும்படியான கேள்விகள்தான் கேட்பாள். பெரும்பாலான போன்களின் முக்கிய லென்ஸ், முழுச் சட்டக் கணக்கில் 24-க்கும் 26-க்கும் இடைப்பட்டது. ஆகவே கோணம் போதாது என்று சொல்ல முடியாது. இருட்டறையில் சிறிய தகடு படும் பாட்டைப் பற்றி நான் ஒரு சொற்பொழிவு செய்தேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆசை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தீபாவளி வந்தது. அந்த வீட்டில் கடைசித் தீபாவளி என்பதால் எல்லோரும் வந்திருந்தோம். குழந்தை குட்டிகளுடன் பதினேழு பேர். ஸ்டூடியோக்காரர் தம்முடைய 24 லென்ஸை நாலு நாளைக்கு இரவல் கொடுத்திருந்தார். கூடத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினேன். வரிசை பதினைந்தடி, எனக்குப் பத்தடி தூரம் போதுமானதாயிருந்தது, முற்றத்தில் விழவில்லை. ஒரு சொடக்கில் அத்தனை பேரும், உத்தரமும், ஊஞ்சல் சங்கிலியும், சுவரில் வரிசையாக மாட்டியிருந்த சுவாமி படங்களும் அடங்கிவிட்டன. நான் அடைந்த கர்வத்துக்கு அளவேயில்லை.

அன்று இரவு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நடுவில் நின்ற அண்ணாவும் மன்னியும் அண்ணாவும் மன்னியுமாகவே இருந்தார்கள். இடது கோடியில் பெரியம்மா. சுபாவமாகவே சரீரம் கனத்தவள். படத்தில் அதற்குமேல் கால் பங்கு கனத்துவிட்டாள். "எனக்குத்தான் இப்படி வருமா, இல்லை எல்லோருக்குமா?" என்று கேட்டாள். வலது கோடியில், தூணை ஒட்டி, அம்மா. முகம் பக்கவாட்டில் இழுத்து, ஒரு கன்னம் வெளியே வழிந்தாற்போல் இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "நானா இது?" என்றாள். பிறகு, "போகட்டும், வீடு நன்றாக விழுந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

லென்ஸில் ஏதோ கோளாறு என்று எல்லோரும் சொன்னார்கள். கோளாறு லென்ஸில் இல்லை. லக்ஷ ரூபாய் லென்ஸானாலும் அப்படித்தான் வரும். தட்டையான தகட்டின்மேல் அகன்ற உலகத்தை நேர்கோடு வளையாமல் விழச் செய்தால், ஓரத்தில் உள்ள உருண்டைகள் இழுபட்டே தீரும். 24 லென்ஸுக்கு இந்தக் கணக்கு அழகானது. தகட்டின் நடுவிலிருந்து பக்க ஓரத்துக்கு 18, லென்ஸுக்கு 24, ஆகவே லென்ஸிலிருந்து ஓரத்துக்குக் கர்ணம் சரியாக 30. நம் 3-4-5 முக்கோணமேதான்! முப்பதை இருபத்துநாலால் வகுத்தால் ஒன்றேகால். ஓரத்தில் வைத்த தேங்காய் உயரத்தைவிட அகலம் கால் பங்கு கூடித் தெரியும். 20-ல் இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 28-ல் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 35-ல் எட்டில் ஒரு பங்கு. சுவரில் மாட்டிய சுவாமி படம் இழுபடாது, ஏனென்றால் அது தட்டை. மனிதர்கள் உருண்டை; அதனால்தான் வீடு நன்றாக விழுந்தது, அம்மா விழவில்லை.

இதற்குப் பரிகாரமும் உண்டு. படத்தை 36 சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, நடுவுக்கு நேரே 24 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய ஒரு சாண் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும். பெரியம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எனக்கு உறுத்தியது வேறு. எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். அக்கா கல்யாணம், அண்ணாவின் பட்டமளிப்பு, என் உபநயனம், பேரன் பேத்திகளின் ஆண்டு நிறைவு, எல்லாவற்றிலும் அம்மா கோடியில்தான் நிற்கிறாள். அடுக்களைப் பக்கத்துக் கோடியில். எல்லோரும் நின்று முடிந்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒட்டிக்கொள்கிறவளுக்கு வேறு எந்த இடம் இருக்கும்? எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்று நான் தேடிய லென்ஸ், கோடியில் நிற்கிறவர்களைத்தான் பலி கொடுக்கிறது.

மறுநாள் காலையில் ஒரு காரியம் செய்தேன். பரணிலிருந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியை எடுத்து, அதன் ஒரு பக்கத்தில் 36 சென்டிமீட்டர் அகலமும் 24 சென்டிமீட்டர் உயரமுமாக ஒரு ஜன்னல் வெட்டினேன். மில்லிமீட்டரைச் சென்டிமீட்டர் ஆக்கினால் எல்லாம் பத்து மடங்கு, விகிதம் மாறாது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணிலிருந்து 35 சென்டிமீட்டர் தூரத்தில் அந்த ஜன்னலைப் பிடித்தால், 35 லென்ஸ் என்ன காட்டுமோ அதே காட்சி. 28-ல் பிடித்தால் 28. காசு செலவில்லாமல் நாலு லென்ஸும் கைவசம்! என் பெண் ஸ்கேலை என் கன்னத்தில் முட்டுக் கொடுத்துத் தூரத்தைச் சொல்லிக்கொண்டு வர, நான் அட்டையும் கையுமாக வீடு பூராவும் நடந்தேன். பால்காரர் வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அம்மாவிடம், "தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்று தணிந்த குரலில் விசாரித்தார். லென்ஸ் வாங்க உத்தேசித்திருக்கும் அன்பர்கள் கடைக்குப் போவதற்கு முன் இந்தப் பரீக்ஷையைச் செய்து பார்க்க வேண்டும். பால் வாங்கிய பிறகு செய்வது உசிதம்.

காமிரா உள்ளுக்குப் போனேன். ஒன்பதடி நீளம், எட்டடி அகலம். சுவரோடு சாய்ந்து நின்றால் எதிர்ச்சுவர் என் கண்ணுக்கு எட்டடி தூரம். 50-ஐப் பிடித்தால் எதிர்ச்சுவரில் ஐந்தே முக்கால் அடிதான் தெரிந்தது. 35-ல் எட்டடியும் தெரிந்தது; ஆனால் பக்கச் சுவர்கள் இல்லை. 28-ல் பக்கச் சுவர்கள் இரண்டும் எட்டிப் பார்த்தன. 24-ல் அவை தாராளமாக உள்ளே வந்து, 'இது அறை' என்று சொல்லின. 35 காட்டுவது சுவர். 24 காட்டுவது அறை. கட்டடத்துக்காக என்றால் இதற்குமேல் வழக்கே இல்லை. ஸ்டூடியோக்காரர் சொன்னதுதான் தீர்ப்பு.

அப்போது அம்மா அரிசி எடுக்க உள்ளே வந்தாள். படி கையில், கதவிலிருந்து ஒரு பட்டை வெளிச்சம் அவள் தோளில். நான் அட்டையைத் திருப்பிப் பிடித்தேன். 24-ல் அவள் ரொம்பத் தூரத்தில் தெரிந்தாள். பெரிதாகத் தெரியட்டும் என்று நாலடி வரை நெருங்கினேன். உடனே அம்மா நிமிர்ந்து, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, உதட்டை மூடி, போட்டோவுக்கென்றே வைத்திருக்கும் முகத்தை அணிந்துகொண்டாள். வெறும் அட்டைக்கே இந்த மரியாதை! நான் பின்வாங்கி, ஆறடியில் நின்று 35-ல் பிடித்தேன். அவள் என்னை மறந்துவிட்டு அரிசி அளந்தாள். 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லி அளப்பது அவள் வழக்கம். அதைச் சொல்வதற்கு உதடு அசைந்தது.

முகம் எப்படி விழுகிறது என்பதை லென்ஸின் எண் நிர்ணயிப்பதில்லை. நாம் நிற்கும் தூரந்தான் நிர்ணயிக்கிறது. ஆனால் அந்த எண் நம்மை ஒரு தூரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 24 என்னை அம்மாவின் மூக்கடிக்குத் தள்ளிற்று. 50 முற்றத்தில் தள்ளிற்று. 35, ஒருவரோடு ஒருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டு நிற்கும் இடத்தில் என்னை விட்டது. 28-ஐப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன் என்பதை மறைப்பானேன்? அது நல்ல லென்ஸ். சிறிய வீட்டில் குழந்தைகளை ஓடியாடி எடுக்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் எனக்கு அது இரண்டு பக்கத்தாரையும் சமாதானப்படுத்தும் பஞ்சாயத்தாகப் பட்டது. வீட்டையும் முழுவதும் தராமல், அம்மாவையும் நிம்மதியாக விடாமல்.

கார்த்திகையில் சென்னைக்குப் போய், பழைய காமிராச் சாமான் விற்கும் கடை ஒன்றில் 35 லென்ஸை வாங்கினேன். என் மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஸ்டூடியோக்காரரிடம் சொன்னபோது, "வீட்டை எப்படி சார் எடுப்பீர்கள்?" என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தத்தில் நியாயம் இருந்தது. ரேழி முழுவதும் எனக்குக் கிடைக்கவேயில்லை. முற்றத்தையும் அதற்குமேல் உள்ள வானத்தையும் ஒரே படத்தில் பிடிக்க முடியவில்லை. காமிராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் எல்லாம் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. இரண்டாம் கட்டை மூன்று படமாக எடுத்தேன். சாமான்கள் எல்லாம் போன பிறகு, தை மாதத்தில், அவருடைய 24-ஐ மறுபடியும் ஒரு நாள் இரவல் வாங்கி, காலி அறைகளை வரிசையாக எடுத்துக்கொண்டேன். கோடியில் நிற்பதற்கு அப்போது அங்கே ஒருவரும் இல்லை.

மார்கழியில் சனி ஞாயிறுகளில் ஊருக்குப் போய் 35-ல் எடுத்தேன். அம்மா கோலம் போட்டாள், கீரை ஆய்ந்தாள், பரணைக் காலி செய்தாள், அண்டை வீட்டாருக்குப் பாத்திரங்களைக் கொடுத்தாள், சில நாள் ஊஞ்சலில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது வாரத்துக்குப் பிறகு, "போதுமடா" என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். காமிரா உள்ளில், கதவைப் பாதி திறந்து, லென்ஸின் வாயை முழுவதும் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளை எடுத்த படம் ஒன்று இருக்கிறது. கையில் வெறும் படி. பின்னால் சுவர்.

அம்மா இப்போது எங்களோடு திருச்சியில் இருக்கிறாள். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, பங்குனியில் ஒரு நாள் அவளிடம் கொடுத்தேன். தன் முகத்தை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. ஜன்னலண்டை போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை மூக்கருகே வைத்துக்கொண்டாள். வெள்ளையடிக்கிறவர்கள் ஒரு நாளும் நுழையாத அந்த அறையின் சுவரில் அப்பா கரிக்கட்டியால் நெல் மூட்டைக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. தீபாவளியன்று 24-ல் எடுத்த படத்தில் அது எறும்புச் சாரியாக இருந்தது. இதில் ஒவ்வொரு கோடும் தெரிந்தது.

அம்மா விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனாள். மூன்றாவது வரிசையில் நிறுத்தினாள்.

"இது உன் அப்பா போட்டதில்லை. அவர் கோடு நேராக இருக்கும். அன்றைக்கு அவர் கும்பகோணம் போயிருந்தார், வண்டி வந்துவிட்டது, நான் போட்டேன்" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.